பூஞ்சணமும் பொறுப்பும்: பிரித்தானியத் தொழிலாளர் குடியிருப்புக்களின் ஈரலிப்பு வரலாறு பற்றிச் சில குறிப்புக்கள்

1

வீட்டுச் சுவர்களிற் பூஞ்சணம் படர்வதைத் தடுப்பது எவ்வாறு என்ற வினா பொதுவாக மனைப் பராமரிப்புச் சார்ந்த ஒரு சிறு விடயமாகவே கருதப்பட்டு வருகின்றது. யன்னல்களைத் திறந்துவைத்தல், சுவர்களை மருந்திட்டுத் துடைத்தல், ஈரத்துணிகளை அறைக்குள் உலர்த்தாதிருத்தல் முதலிய சில ஆலோசனைகளோடு அது முற்றுப்பெற்றுவிடுகின்றது. ஆயின் இவ்வாலோசனைகள் எக்காலத்தில், எவரால், எவரை நோக்கிக் கூறப்பட்டன என்று கேட்போமாயின், மனைப் பராமரிப்பாகத் தோன்றியது சமுதாய வரலாற்றின் ஒரு கூறாக மாறிவிடுவதைக் காணலாம். வீடு ஒரு பொருள். அதனைக் கட்டியவர் ஒருவர், உடைமையாக வைத்திருப்பவர் வேறொருவர், அதனுள் வாழ்பவர் பிறிதொருவர் என்ற நிலை நிலவும் சமுதாயத்தில், சுவரின் ஈரம் யாருடைய குற்றம் என்ற வினா உற்பத்தி உறவுகளோடும் உடைமை உறவுகளோடும் பிணைந்ததாகும்.

இக்கட்டுரை பிரித்தானியாவை எடுத்துக்கொள்கின்றது. கைத்தொழிற் புரட்சி முதன்முதலில் நிகழ்ந்த நாடு என்பதும், அங்குள்ள தொழிலாளர் குடியிருப்புக்களின் ஈரலிப்புப் பற்றி ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக எழுத்துச் சான்றுகள் உள்ளன என்பதும் அதற்குரிய காரணங்கள். அச்சான்றுகளை ஒருசேர நோக்கும்பொழுது ஓருண்மை புலனாகின்றது. பூஞ்சணத்தைத் தடுக்கும் வழி தெரியாமை அங்கு நெடுங்காலப் பிரச்சினையாக இருக்கவில்லை. தடுக்கும் பொறுப்பும் அதற்குரிய செலவும் யாரைச் சாரும் என்பதே ஓயாத போராட்டத்துக்குரிய பொருளாக இருந்து வந்துள்ளது. அப்போராட்டத்திற் குடியிருப்பவரின் ‘பழக்கவழக்கம்’ என்ற கருத்து எவ்வாறு மீண்டும் மீண்டும் கருவியாகப் பயன்பட்டது என்பதையே நாம் ஈண்டு நோக்க முனைகின்றோம்.

2

வரலாற்றுக்குட் புகுமுன் விடயத்தின் பௌதிக அடிப்படையைச் சுருக்கமாகத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் அவசியம். பூஞ்சணம் பங்கசு வகையைச் சார்ந்தது. கிளடோஸ்போரியம், பெனிசிலியம், அஸ்பெர்ஜிலசு முதலிய பங்கசுக்களின் வித்திகள் வளியில் எங்கும் பரவியுள்ளன. ஆகவே அவற்றை வீட்டிலிருந்து முற்றாக விலக்குதல் இயலாது. வித்தி முளைத்துப் பரவுவதற்குச் சேதனப்பொருள், ஏற்ற வெப்பநிலை, ஈரம் ஆகிய மூன்றும் வேண்டும். சுவர்த்தாளும் பசையும் தூசியும் முதலாவதனைத் தந்துவிடுகின்றன. மனிதன் வாழத்தக்க வெப்பநிலை பூஞ்சணத்துக்கும் ஏற்றதே. எஞ்சுவது ஈரமொன்றே. சுவர் மேற்பரப்பை ஒட்டிய வளியின் சாரீரப்பதன் ஏறத்தாழ 80 வீதத்துக்கு மேல் நீடித்து நிற்குமாயின், நீர்த்துளி கண்ணுக்குத் தோன்றாதவிடத்தும் பூஞ்சணம் வளரத் தொடங்கும்.

வீட்டினுள் ஈரம் மூன்று வழிகளாற் சேரும். நிலத்து நீர் மயிர்த்துளை விளைவினாற் சுவரில் ஏறுவது ஒன்று. கூரை, சுவர், யன்னற் சட்டம் ஆகியவற்றின் வெடிப்புக்களூடாக மழைநீர் ஊறுவது மற்றொன்று. சமையல், குளியல், துணி உலர்த்தல், மூச்சு ஆகியவற்றால் உண்டாகும் நீராவி, பனிபடுநிலைக்குக் கீழே குளிர்ந்துவிட்ட சுவரில் நீராக ஒடுங்குவது மூன்றாவது. நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தின் சாதாரண வாழ்க்கையே நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்து லீற்றர் நீரை ஆவியாக வளியிற் சேர்க்கின்றது.

முதலிரண்டும் கட்டடத்தின் குறைபாடுகள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மூன்றாவதே விவாதத்துக்குரியது. நீராவியை வெளியிடுபவர் குடியிருப்பவர். ஆனால் அதனை நீராக்குவது குளிர்ந்த சுவர். சுவர் குளிர்ந்திருப்பதற்குக் காரணம் அதன் மெல்லிய கட்டமைப்பும், வெப்பக் காவலி இன்மையும், அறையைச் சூடாக்க எரிபொருள் வாங்க இயலாமையுமாகும். நீராவி வெளியேறாது தங்குவதற்குக் காரணம் காற்றோட்டமின்மை. ஆகவே ஒரே நிகழ்ச்சியை ‘அவர்கள் அதிகம் ஆவி விடுகின்றனர்’ என்றும் கூறலாம்; ‘அவர்களுக்குக் குளிர்ந்த சுவரும் குறைந்த கூலியும் கொடுக்கப்பட்டுள்ளன’ என்றும் கூறலாம். எந்தக் கூற்று மேலோங்குகின்றது என்பதைத் தீர்மானிப்பது அவ்வக்காலச் சமுதாயச் சக்திகளின் பலாபலமே.

3

1832இல் வைத்தியர் ஜேம்ஸ் பிலிப்ஸ் கே மான்செஸ்டர் நகரின் பருத்தி ஆலைத் தொழிலாளர் நிலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஈரம் ஊறும் நிலக்கீழறைகள், வடிகாலற்ற தெருக்கள், நெரிசலான குடில்கள் ஆகியவற்றை அவர் கண்ணாரக் கண்டு எழுதினார். எனினும் அவரது விளக்கம் ஒழுக்கவியல் சார்ந்ததாகவே இருந்தது. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய வறியவர்கள் தாழ்ந்த வாழ்க்கை முறையை ஆங்கிலத் தொழிலாளருக்குக் கற்பித்துவிட்டனர் என்பது அவரது முடிபுகளுள் ஒன்று. பத்தாண்டுகளின் பின், 1842இல் வெளிவந்த எட்வின் சட்விக்கின் சுகாதார அறிக்கை, நோய்க்குக் காரணம் அழுகற் பொருள்களிலிருந்து எழும் நச்சு வளியே என்ற அக்காலக் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு வடிகால், குடிநீர் ஆகியவற்றை வற்புறுத்தியது. அதன் பயன்கள் மறுக்கற்பாலனவல்ல. ஆனால் கூலியும் வாடகையும் அவ்வறிக்கையின் பார்வை எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிட்டன.

1842இன் இறுதியில் மான்செஸ்டருக்கு வந்த பிரெடெரிக் ஏங்கெல்ஸ், 1845இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை’ என்னும் நூலில், கே போன்றோர் தந்த அதே தகவல்களை வேறொரு கோணத்தில் நிறுத்தினார். மெட்லொக் ஆற்றின் வளைவிலுள்ள பள்ளத்தில், உயர்ந்த ஆலைகள் சூழ, ஏறத்தாழ இருநூறு குடில்களில் நாலாயிரம் பேர் வாழ்ந்த ‘சின்ன அயர்லாந்து’ என்ற பகுதியை அவர் வருணிக்கின்றார். ஆற்றுநீர் ஊறிப் புகும் நிலக்கீழறையிலிருந்து நாள்தோறும் காலையில் நீரை இறைத்துத் தெருவில் ஊற்றிய கைத்தறி நெசவாளன் ஒருவன் பற்றிய செய்தியும் அந்நூலில் இடம்பெறுகின்றது.

இலக்கிய மாணவர்களாகிய நாம் இங்கு கவனிக்கவேண்டியது வருணனையின் உக்கிரத்தை மட்டுமன்று. ஏங்கெல்ஸ் ஈரச் சுவரோடு நின்றுவிடவில்லை. அச்சுவரின் தடிப்பை அளக்கின்றார். தொழிலாளர் குடில்களின் புறச்சுவர்கள் அரைச் செங்கல் தடிப்பினவாகக் கட்டப்பட்டமைக்குக் காரணம் யாது? நிலம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெறப்படுகின்றது. தவணை முடிந்ததும் நிலமும் அதன்மேலுள்ள கட்டடமும் நிலவுடைமையாளனைச் சேர்ந்துவிடும். ஆகவே குத்தகைக் காலம் வரையில் மட்டுமே நிற்கத்தக்க சுவரை எழுப்புவதும், பழுதுபார்ப்பதற்குப் பணம் செலவிடாதிருப்பதும் கட்டுவோனுக்கு இலாபம். இவ்வாறு சுவரின் ஈரம் நிலக்குத்தகையின் விளைவாக விளக்கப்படுகின்றது. தனித்தனித் தோற்றங்களைத் தொகுத்துக் காட்டும் இயற்பண்புவாதத்துக்கும் அவற்றிடையே உள்ள உறவுகளைப் புலப்படுத்தும் யதார்த்தவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதற்கு இப்பகுதி சிறந்த உதாரணமாகும்.

அதே வேளையில் ஏங்கெல்ஸும் தம் காலத்தின் தப்பெண்ணங்களிலிருந்து முற்றாக விடுபட்டவரல்லர் என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். அயர்லாந்துக் குடியேற்றம் பற்றிய அத்தியாயத்தில் அவர் கார்லைலைப் பின்பற்றி அம்மக்களின் அழுக்கு, குடி, அக்கறையின்மை ஆகியன பற்றிக் கூறுவன, கே கூறியவற்றிலிருந்து பெரிதும் வேறுபட்டவையல்ல. வறுமையின் அடையாளங்களை வறியவரின் இயல்பாகக் காணும் போக்கு எத்துணை வலுவானது என்பதற்கு இதுவே சான்றாகும்.

1872இல் ‘வீட்டுப் பிரச்சினை’ பற்றி எழுதியபொழுது ஏங்கெல்ஸ் மீண்டும் சின்ன அயர்லாந்துக்குத் திரும்புகின்றார். புகையிரதப் பாதை அமைத்ததால் அப்பகுதி ஒழிந்துவிட்டதெனப் பெருமை பேசப்பட்டிருந்தது. ஆயின் அவ்வாண்டு மெட்லொக் ஆறு பெருக்கெடுத்தபொழுது, அதே வகையான நிலக்கீழறைகள் ஒக்ஸ்போர்ட் வீதியின் மறுபுறத்தில் மக்கள் நிறைந்து காணப்பட்டன. முதலாளித்துவச் சமுதாயம் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, அதனை இடம் மாற்றுகின்றது என்ற அவரது முடிபு இவ்வனுபவத்தை ஆதாரமாகக் கொண்டது.

4

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஈரத்தைத் தடுக்கும் தொழில்நுட்பம் நன்கு அறியப்பட்டிருந்தது. அத்திவாரத்துக்குச் சற்று மேலே சுவரினூடாகக் கற்பலகை, தார், அசுபால்ற்று போன்ற நீர்புகாப் பொருள்களாலான ஈரத்தடுப்புப் படை ஒன்றை இடுவதனால் நிலத்து நீர் ஏறாது. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் அதன்கீழ் உள்ளூராட்சி மன்றங்கள் இயற்றிய துணைவிதிகளும் புதிய வீடுகளில் இதனைப் படிப்படியாகக் கட்டாயமாக்கின. காற்றோட்டத்தைப் பொறுத்தவரையில் அரசின் பங்கு நெடுங்காலம் எதிர்மறையானதாகவே இருந்தது. 1696 முதல் 1851 வரை நிலவிய யன்னல் வரியைத் தவிர்ப்பதற்காக உடைமையாளர் பலர் யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். வெளிச்சமும் வளியும் வரிக்குரிய பொருள்களாக இருந்த காலம் அது.

முதுகோடு முதுகொட்டிக் கட்டப்படும் வீடுகளின் வரலாறும் இத்தொடர்பில் நோக்கத்தக்கது. பின்சுவர் பொதுவாக இருப்பதாற் செங்கல்லும் நிலமும் மிச்சமாகும். ஆனால் ஒரு பக்கத்தில் மட்டுமே கதவும் யன்னலும் இருப்பதால் வளி ஊடுசெல்லமாட்டாது. மான்செஸ்டரில் 1844இலேயே இத்தகைய புதிய வீடுகளுக்குத் தடை விதிக்கப்பட்டபோதிலும், நாடளாவிய தடை 1909இலேதான் வந்தது.

இவ்விடத்தில் நமது மலையகத்தை நினையாதிருக்க முடியாது. பிரித்தானியத் தோட்டத்துரைமாரின் காலத்தில் இங்கு எழுந்த லயங்களுள் இருபக்க லயங்கள் எனப்படுவன இதே முதுகொட்டிய அமைப்பைக் கொண்டவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவினதான காம்பிராவில், பின்பக்கம் யன்னலின்றி, அடுப்புப் புகையும் ஈரக் கம்பளியும் ஒருங்கே நிறைந்திருக்க, மூடுபனியும் மழையும் மிகுந்த மலைச்சாரலில் ஒரு குடும்பம் வாழவேண்டியதாயிற்று. தொழிலாளரின் உழைப்பை நிலத்தோடு கட்டிவைக்கும் ஏற்பாடாகவே வீடு அமைந்தது. வேலை போனால் காம்பிராவும் போகும் என்ற நிலையில், ஒழுகும் தகரத்தைப் பற்றி முறையிடுவது எளிதான காரியமாக இருக்கவில்லை. 1970களில் நடைபெற்ற தேசியமயமும், 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டமையும் லயத்தை முற்றாக அகற்றிவிடவில்லை என்பது வாசகர் அறிந்ததே.

மீண்டும் பிரித்தானியச் சட்டத்துக்கு வருவோம். 1885ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம், குறைந்த வாடகைக்கு விடப்படும் வீடு மனித வாழ்வுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை வாடகை ஒப்பந்தத்தில் உள்ளடங்கியதாக ஆக்கியது. இது பெருஞ்சாதனை போலத் தோன்றும். ஆனால் வாடகை எல்லை பணவீக்கத்தோடு உயர்த்தப்படவில்லை. 1957இல் இலண்டனில் ஆண்டுக்கு 80 பவுண், ஏனைய இடங்களில் 52 பவுண் என நிர்ணயிக்கப்பட்ட எல்லை அதன்பின் தொடப்படவேயில்லை. அத்தகைய வாடகையில் வீடே இல்லாத காலத்திலும் உரிமை சட்டப் புத்தகத்தில் தொடர்ந்து இருந்தது. அதனைப் பெறத்தக்கவர் மட்டும் நடைமுறையில் எவருமிலர். 2018இல் இயற்றப்பட்ட சட்டமே இவ்வெல்லையை நீக்கி அவ்வுரிமைக்கு மீண்டும் உயிரூட்டியது.

5

இரண்டாம் உலகப் போரின் பின் உள்ளூராட்சி மன்றங்கள் பெருந்தொகையான வீடுகளைக் கட்டின. தொழிலாளர் இயக்கத்தின் வெற்றிகளுள் இது ஒன்றாகும். எனினும் 1960களில் விரைவும் மலிவும் கருதி முன்வார்ப்புக் கொங்கிறீற்றுத் தொடர்மாடிகள் பெருகியபொழுது ஈரலிப்பு புதிய உருவில் மீண்டும் தோன்றியது. பழைய வீட்டின் ஈரம் நிலத்திலிருந்து ஏறியது. புதிய வீட்டின் ஈரம் கொங்கிறீற்றிலும் உலோக யன்னற் சட்டத்திலும் ஒடுங்கியது. திறந்த அடுப்பும் புகைபோக்கியும் நீங்கியமையால் இயல்பான காற்றோட்டம் குறைந்தது. அவற்றின் இடத்தில் வந்த மின்சார வெப்பமூட்டலின் செலவோ 1973இன் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து தொழிலாளரின் சக்திக்கு அப்பாற் சென்றது.

கிளாஸ்கோ நகரின் கோர்பல்ஸ் பகுதியில் அமைந்த ஹச்சிசன்ரவுண் ‘ஈ’ குடியிருப்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. டிரக்கோபா என்ற பிரெஞ்சு முன்வார்ப்பு முறையிற் கட்டப்பட்ட இக்குடியிருப்பு 1972இல் எலிசபெத் மகாராணியினால் திறந்துவைக்கப்பட்டது. விரைவிலேயே சுவர்கள் கறுத்தன. உடைகளும் மெத்தைகளும் பழுதாயின. மக்கள் அதற்கு ஈரத்தைக் குறிக்கும் பட்டப்பெயர் ஒன்றையும் சூட்டினர். நகரசபையின் விடை, அது கட்டடக் குறையன்று, குடியிருப்பவர் வாழும் முறையினால் ஏற்படும் ஒடுங்கலே என்பதாகும். குடியிருப்பாளர் ஈரலிப்பு எதிர்ப்பு இயக்கத்தை அமைத்தனர், கூட்டங்கள் கூட்டினர், வாடகையைக் கொடுக்க மறுத்தனர், நட்டஈடு கோரி வழக்காடினர். இறுதியில் மக்கள் வெளியேற்றப்பட்டு, 1987இல் அக்கட்டடங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. திறப்புவிழாவிலிருந்து பதினைந்து ஆண்டுகளே கழிந்திருந்தன.

இக்காலத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் விநியோகித்த அறிவுரைப் பிரசுரங்கள் ஒரு தனி இலக்கிய வகையாகவே ஆராயத்தக்கவை. அவற்றின் வினைகள் யாவும் ஏவல் வினைகள்: திற, துடை, மூடு, சூடாக்கு, உலர்த்தாதே. எழுவாய் எப்பொழுதும் குடியிருப்பவரே. சுவர் குளிர்வதில்லை, கூரை ஒழுகுவதில்லை, மின்கட்டணம் உயர்வதில்லை; கட்டடம் இலக்கணத்திலிருந்தே மறைந்துவிடுகின்றது. யன்னலைத் திறந்து வளியை வெளியேற்றவும் வேண்டும், அறையைச் சூடாகவும் வைத்திருத்தல் வேண்டும் என்ற இரட்டை ஏவல் எரிபொருளுக்குப் பணமுள்ளவருக்கே பொருளுடையது. பணமற்றவருக்கு ஒன்றைச் செய்தால் மற்றொன்று கெடும். இவ்வறிவுரைகள் பொய்யானவை என்று நாம் கூறவில்லை. சமைக்கும்பொழுது நீராவியை வெளியேற்றுதலும், சுவரிலிருந்து தளபாடங்களைச் சற்று விலக்கிவைத்தலும் பயனுள்ளவையே. ஆனால் பகுதி உண்மையை முழு உண்மையாக நிறுத்துவதே கருத்துநிலையின் தொழிற்பாடாகும்.

சட்டமும் இவ்விலக்கணத்துக்கு முத்திரையிட்டது. வேல்ஸ் பிரதேசத்தின் டாஃப்-ஈலி நகரசபைக்கு எதிரான வழக்கில் 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. உலோக யன்னற் சட்டங்களும் காவலியற்ற கொங்கிறீற்று விட்டங்களும் காரணமாக ஒடுங்கல் மிகுந்து, வாடகைதாரரின் உடைமைகள் அழுகிப்போயின என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயினும் வீடு கட்டப்பட்ட நாளில் எவ்வாறிருந்ததோ அவ்வாறே இருக்கின்றது. கட்டமைப்பில் எதுவும் சேதமடையவில்லை. ஆகவே பழுதுபார்க்கும் கடமை எழவில்லை என்று முடிபாயிற்று. தொடக்கத்திலேயே குறைபாட்டோடு கட்டப்பட்ட வீடு, கெட்டுப்போகாத வீடாகிவிட்டது! ‘பழுது’ என்ற ஒரு சொல்லின் பொருள்கோளில் எத்தனையோ குடும்பங்களின் சுவாசம் தங்கியிருந்தமையை இத்தீர்ப்பு உணர்த்துகின்றது.

இதற்கு எதிரான அறிவும் உருவாகிவந்தது. பிளற், மாட்டின், ஹன்ற், லூயிஸ் ஆகியோர் கிளாஸ்கோ, எடின்பரோ, இலண்டன் ஆகிய நகரங்களில் 597 குடும்பங்களிடையே நடத்திய ஆய்வு 1989இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் வெளியாயிற்று. வீட்டின் ஈரலிப்பை அளந்தவர்களும் நோய்க்குறிகளைப் பதிந்தவர்களும் ஒருவர் முடிவை மற்றவர் அறியாதவாறு அவ்வாய்வு அமைக்கப்பட்டிருந்தது. ஈரமும் பூஞ்சணமும் மிகுந்த வீடுகளிற் பிள்ளைகளுக்கு இருமல், இழுப்பு முதலிய குறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. வருமானம், புகைத்தல் முதலிய காரணிகளைக் கணக்கிலெடுத்த பின்னரும் இத்தொடர்பு நிலைத்தது. அதே கிளாஸ்கோவின் ஈஸ்ற்ஹோல் பகுதியிற் குடியிருப்பாளர் சங்கமொன்று கட்டடக் கலைஞர்களையும் பொறியியலாளர்களையும் தம்பக்கம் சேர்த்துக்கொண்டு, 1990களின் தொடக்கத்தில் 36 வீடுகளைப் புதுப்பிக்கச் செய்தது. சுவர்களுக்கு வெப்பக் காவலியும் முகப்புகளுக்குக் கண்ணாடி அடைப்பும் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தும் ஏற்பாடும் செய்யப்பட்டபின் அதே மக்கள் அதே பழக்கவழக்கங்களோடு உலர்ந்த வீடுகளில் வாழ்ந்தனர். பழக்கவழக்கக் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

6

மான்செஸ்டருக்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள நகரம் ரொச்டேல். ஏங்கெல்ஸ் தமது நூலுக்கான தரவுகளைத் திரட்டி நாடு திரும்பிய அதே 1844ஆம் ஆண்டிலே கூட்டுறவு முன்னோடிகள் தமது கடையைத் திறந்தது இங்கேதான். 2020 டிசெம்பர் 21ஆம் திகதி இந்நகரிலே, சமூக வீடமைப்புச் சங்கமொன்றின் தொடர்மாடி வீட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற குழந்தை, இரண்டாவது பிறந்தநாளின் பின் எட்டு நாள்களில் இறந்தது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். பூஞ்சணம் பற்றித் தந்தை 2017இலேயே முறையிட்டிருந்தார். அதன்மேல் வர்ணம் பூசும்படி அவருக்குக் கூறப்பட்டது. 2020இல் வழக்கறிஞர் மூலம் கோரிக்கை விடுத்தபொழுது, அச்சட்ட நடவடிக்கை முடியும்வரை திருத்த வேலை செய்யப்படுவதில்லை என்ற நடைமுறை குறுக்கே நின்றது. 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி, வீட்டின் பூஞ்சணத்துக்கு நீண்டகாலம் உட்பட்டமையினால் ஏற்பட்ட கடுஞ் சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் எனத் தீர்ப்பளித்தார். சமையலறை, குளியலறை ஆகியவற்றிற் போதிய காற்றோட்டம் இல்லாதிருந்தமையும் சுட்டிக்காட்டப்பட்டது.

இக்குடும்பத்தின் குளிக்கும் முறை முதலியன பற்றித் தாம் ஊகங்கள் செய்திருந்தமையையும் அது தவறு என்பதையும் அச்சங்கம் பின்னர் ஒப்புக்கொண்டது. 1832இல் அயர்லாந்தவர், 1970களில் கிளாஸ்கோத் தொழிலாளர், 2020இல் ஆபிரிக்கக் குடியேறிகள் என எழுவாய் மட்டும் மாறுகின்றது; பயனிலை மாறவில்லை. அயலார் மீதான காழ்ப்பு இங்கு வர்க்க உறவின்மேற் போர்த்தப்பட்ட மற்றொரு போர்வையாக இயங்குகின்றது. இங்கிலாந்தின் வீடமைப்புக் குறைகேள் அதிகாரி 2021இல் வெளியிட்ட அறிக்கை, ஈரத்தையும் பூஞ்சணத்தையும் வாழ்க்கை முறையின் விளைவாகக் கருதும் மனப்பான்மையைக் கைவிடவேண்டும் என்பதைத் தன் தலைப்பிலேயே கூறியிருந்தமை ஈண்டு மனங்கொளத்தக்கது.

பெற்றோரின் விடாமுயற்சியும் பரந்த மக்கட் கிளர்ச்சியும் காரணமாக, 2023ஆம் ஆண்டின் சமூக வீடமைப்பு ஒழுங்குபடுத்தற் சட்டத்தில் ‘அவாப் சட்டம்’ எனப்படும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. 2025 ஒக்ரோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த அதன் முதற்கட்டத்தின்படி, இங்கிலாந்திற் சமூக வீடுகளின் உடைமையாளர் உடனடி ஆபத்துக்களை 24 மணித்தியாலத்துள் நீக்குதல் வேண்டும். கணிசமான ஈரலிப்பு, பூஞ்சணம் பற்றிய முறைப்பாட்டைப் பத்து வேலைநாள்களுள் ஆராய்ந்து, அடுத்த ஐந்து வேலைநாள்களுள் ஆபத்தைப் போக்க வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதனை விரிப்பதற்கு 2025இன் வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழிவகுத்துள்ளது. ஒரு குழந்தையின் பெயரைத் தாங்கிய இவ்வேற்பாடு, ஏவல் வினையின் திசையை முதன்முறையாகத் தெளிவாகத் திருப்பியுள்ளது: ஆராய், திருத்து, காலங்கடத்தாதே என்ற கட்டளைகள் இப்பொழுது உடைமையாளரை நோக்கியவை. நிதியும் ஆட்பலமும் ஒதுக்கப்படாவிடத்து, 1885ஆம் ஆண்டின் உரிமைக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேரலாம் என்பதை மறத்தலாகாது.

7

மேலே நோக்கியவற்றிலிருந்து சில முடிபுகளைக் கூறலாம். முதலாவது, பூஞ்சணத் தடுப்பு என்பது உலர்ந்த சுவர், ஓடும் வளி, தாங்கத்தக்க செலவிற் பெறும் வெப்பம் ஆகிய மூன்றின் ஒன்றிணைவு. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளும் கட்டடத்தின் அமைப்பையும் பராமரிப்பையுமே தடுப்பின் மூலமாகக் கொண்டு, அதற்குரிய பொறுப்பை உடைமையாளரிடமும், நீர், வெப்பம், காற்றோட்டம் ஆகியவற்றை ஏற்றவாறு கையாளும் பொறுப்பைக் குடியிருப்பவரிடமும் வைக்கின்றன. இரண்டாவது, தொழில்நுட்ப அறிவு தன்னளவில் மக்களைச் சென்றடைவதில்லை. ஈரத்தடுப்புப் படையானாலும் வெப்பக் காவலியானாலும் அவற்றைச் சுவருக்குக் கொண்டுவந்தவை சட்டமும், சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டு முயற்சியுமாகும். மூன்றாவது, ‘பழக்கவழக்கம்’ என்ற சொல் நோயாளியைக் குற்றவாளியாக்கும் ஆற்றல் வாய்ந்தது. அதனை எதிர்கொள்ளும்பொழுதெல்லாம் சுவரின் தடிப்பையும் வாடகைச் சீட்டையும் கேட்டுப் பார்த்தல் ஆய்வாளர் கடன்.

நமது நாட்டைப் பொறுத்தவரையில், லயக் காம்பிராவின் ஈரத்தையும் புகையையும் தோட்ட வைத்தியப் பதிவுகள், கட்டட வரைபடங்கள், தொழிற்சங்க மனுக்கள், மலையக நாட்டார் பாடல்கள் ஆகியவற்றை ஒருங்குவைத்து ஆராயும் பணி இலக்கிய, வரலாற்று, மருத்துவ, பொறியியல் மாணவரின் கூட்டுழைப்பை வேண்டி நிற்கின்றது. அப்பணியின்பொழுது, அங்கு வாழ்ந்தோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்ற வினாவுக்கு முன், அச்சுவரை யார், எத்துணைச் செலவில், எக்காலம்வரை நிற்கவென எழுப்பினர் என்ற வினாவே எழுப்பப்படுதல் வேண்டும்.